கை நனைக்காத சார்

இப்போதெல்லாம் எல்லாரும் நல்ல கிருமியைப் பற்றிப் பேசுகிறார்கள். என் மகள் கைப்பேசியில் யாரோ ஒரு டாக்டர் பேசுவதைக் கேட்டுவிட்டு, "அம்மா, நம்ம குடலுக்குள்ள கோடிக்கணக்குல பாக்டீரியா இருக்காம், தெரியுமா?" என்று என்னிடமே வந்து பாடம் நடத்துகிறாள். அலுவலகத்தில் என் பக்கத்து நாற்காலிக்காரி பழைய சோற்றை எவர்சில்வர் டப்பாவில் கொண்டுவந்து, கசாயம் குடிக்கிற முகத்தோடு சாப்பிடுகிறாள். நான் வாயைத் திறப்பதில்லை. இந்தப் பாடத்தையெல்லாம் பல வருஷங்களுக்கு முன்பே, அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் பஸ்ஸில் ஒருவர் சொல்லக் கேட்டு முடித்தவள் நான்.

அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. எங்கோ குடும்பத்தோடு இருப்பார், இருக்கட்டும். அப்போது அவர் திருச்சுழியில் வேளாண்மை அலுவலகத்தில் வேலை பார்த்தார். நான் அங்கே தாலுகா ஆபீஸில் தட்டச்சு. ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் திரும்புவோம். ஆள் நெடுநெடுவென்று ஒல்லி. அவருடைய சட்டைக்குள் இன்னொருவரைக் குடிவைக்கலாம். தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் நுண்ணுயிர் உரப் பொட்டலங்கள். பார்க்கக் கரித்தூள் மாதிரி இருக்கும். உளுந்து, பாசிப்பயறு விதைப்பதற்கு முன்னால் ஆறின கஞ்சியில் அந்தத் தூளைக் கலந்து, விதையோடு பிசறி, நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும். வேரில் அந்தக் கிருமி குடியேறிப் பயிருக்குச் சத்துச் சேர்த்துக் கொடுக்கும். இதை ஊர் ஊராகப் போய்ச் சொல்வதுதான் அவருக்கு வேலை. அவர் விரல் நுனியில் எந்நேரமும் கறுப்பு ஒட்டியிருக்கும்.

ஊர்க்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் வேறு. கை நனைக்காத சார். எந்த வீட்டில் எதைக் கொடுத்தாலும், "இப்பத்தான் சாப்பிட்டேன்" என்பார். காலையில் கொடுத்தாலும் அதுதான், மத்தியானம் கொடுத்தாலும் அதுதான். எங்கள் சீமையில் வெயிலில் வந்த மனிதனுக்குக் கம்மங்கஞ்சி கொடுத்து, அவன் வேண்டாம் என்றால் லேசில் விடமாட்டார்கள். கையைப் பிடித்து இழுப்பார்கள். இவரோ பிடித்த கையை மெதுவாக விலக்கிவிட்டு, உளுந்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். திமிர் பிடித்தவர் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். டீக்கடையில் எல்லாரும் நிற்கும்போது இவர் மட்டும் தூரமாக நின்று பையிலிருந்து மோர் பாட்டிலை எடுத்துக் குடித்தால் வேறு என்ன நினைக்க?

ஒருநாள் காலை, பாதி வழியில் அவர் எழுந்துபோய்க் கண்டக்டரின் காதில் என்னவோ சொன்னார். கண்டக்டருக்கு மெதுவாகப் பேசும் வழக்கம் கிடையாது. "அண்ணே, வண்டிய ஓரங்கட்டுங்க. சாருக்கு வயித்தக் கலக்குதாம்!" என்று டிரைவரைப் பார்த்துக் கத்தினார். பஸ்ஸே சிரித்தது. அவர் பையை என் மடியில் வைத்துவிட்டு, தண்ணீர் பாட்டிலோடு இறங்கி உடைமரக் கூட்டத்துக்குள் ஓடினார். கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து சத்தம் கிளம்பியது. நேரமாச்சு, விட்டுட்டுப் போவோம், சாரு அடுத்த வண்டியில வரட்டும் என்றார்கள். எனக்குப் பொதுவாகவே பொறுமை கம்மி. எழுந்து நின்று, "ஏன், நீங்கள்லாம் வயிறே இல்லாமப் பொறந்தீகளா? ஒரு மனுசன் முடியாம இறங்கிருக்காரு. அவரு வராம வண்டி நகரக் கூடாது" என்றேன். நகரவில்லை.

திரும்பி வந்தவர் என் முகத்தைப் பார்க்காமல் பையை வாங்கிக்கொண்டார். என் சேலையெல்லாம் கறுப்புத்தூள். பிறகு ஒரு வாரம் போலப் பின்சீட்டில் போய் ஒளிந்துகொண்டார். அப்புறம் ஒருநாள் தானாக வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார்.

"சேலை வீணாப் போச்சா, மேடம்?"

"தொவைச்சாப் போச்சு. உங்களுக்கு என்ன செய்யுது? அதைச் சொல்லுங்க."

சொன்னார். யாரும் அதுவரை கேட்கவில்லை போலிருக்கிறது, கேட்டவுடன் மடை திறந்த மாதிரி சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு விஷக்காய்ச்சல். ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து ஊசியும் மாத்திரையுமாகக் காய்ச்சலை விரட்டிவிட்டார்கள். அதோடு வயிறு இளக ஆரம்பித்தது. இவர் மெடிக்கலில் போய் நின்று அதே மாத்திரையைக் கேட்டு வாங்கி விழுங்கினார். நின்றது. பத்து நாளில் மறுபடி இளகியது. மறுபடி வாங்கினார். இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓட்டியிருக்கிறார்.

"மதுரையில ஒரு டாக்டர்கிட்டப் போனேன், மேடம். அவரு சிரிச்சாரு. நல்ல கிருமி எது, கெட்ட கிருமி எதுன்னு மாத்திரைக்குத் தெரியுமான்னு கேட்டாரு. ரெண்டையும் சேர்த்துல்ல கொன்னுருக்கேன். செரிக்க வைக்கிற கூட்டமெல்லாம் போச்சு. காலி வீட்டுல வேண்டாததெல்லாம் வந்து குடியிருக்குங்காரு."

இதைச் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் அவர் வாழ்க்கையில் சத்தம் போட்டுப் பேசியதே ஒரு விஷயத்துக்காகத்தான். நுண்ணுயிர் உரத்தோடு பூசண மருந்தையும் ஒரே வாளியில் கலக்கும் விவசாயியைக் கண்டால் பொங்கிவிடுவார். "நல்லதும் சேர்ந்து செத்துரும்ல, அண்ணாச்சி! பணம் கொடுத்து வாங்கி நீங்களே கொல்லுறீகளே!" என்று கத்துவார். கத்திவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, அங்கே நின்று தானே மாத்திரையை விழுங்கியிருக்கிறார். மண்ணுக்குத் தெரிந்த நியாயம் சொந்த வயிற்றுக்கும் உண்டு என்று அந்தப் படித்த மண்டையில் தோன்றவே இல்லை.

டாக்டர் மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார். வீட்டுச் சாப்பாடு, நேரத்துக்குச் சாப்பாடு, வீட்டில் தோய்த்த தயிரைக் கடைந்த மோர். ஒவ்வொரு பொருளாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒத்துக்கொண்டால் வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் கொஞ்ச நாள் விட்டுவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். போன கூட்டம் திரும்பி வர மாசக்கணக்கில் ஆகும், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும் என்றாராம். நடுவில் ஒருநாள் வெளியில் உறைப்பாகச் சாப்பிட்டால் போதும், இவருக்கு எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

"இதை ஊர்க்காரங்ககிட்டச் சொல்ல வேண்டியதுதான? ஏன் திமிர் பிடிச்சவர்னு பேர் வாங்குறீக?"

"வயிறு சரியில்லன்னா விடுவாகளா, மேடம்? ஓடிப்போயிக் கசாயம் வச்சுட்டு வந்துருவாக. அதையும்ல குடிக்கணும்?"

என் தாய்மாமன் ஊருக்கும் அவர் போவார். மாமா நிலபுலன் உள்ளவர், ஊரில் நாலு பேர் அவர் பேச்சைக் கேட்பார்கள். ஒருமுறை இவருக்காகக் கோழி அடித்துக் குழம்பு வைத்திருக்கிறார். இவர் வழக்கம்போல, இப்பத்தான் சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். மாமா எங்கள் வீட்டுக்கு வந்து குதித்தார். "பெரிய இவரு! நம்ம வீட்டுச் சோறு தொண்டையில எறங்காதாக்கும்!" நான் அடுப்படியில் நின்று சிரித்தேன். எனக்குத்தானே காரணம் தெரியும்.

அதன்பிறகு தினமும் காலையில் அவர் வயிற்றுச் செய்தி எனக்கு வரும். ரேடியோவில் மாநிலச் செய்தி கேட்கிற மாதிரி நான் அதற்காகக் காத்திருப்பேன். "இன்னிக்கு ரெண்டு இட்லி, மேடம். ஒண்ணும் செய்யல." "கீரை சேர்த்தேன், லேசா இரைஞ்சது, அப்புறம் அடங்கிருச்சு." "பாசிப்பயறு அரைக் கரண்டி!" பாசிப்பயறு செரித்த அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பதவி உயர்வு வந்தவன்கூட அப்படிச் சிரிக்கமாட்டான். நானும் அன்றைக்கு முழுக்கத் தட்டச்சில் தப்புத் தப்பாக அடித்தேன். ஒரு ஆணின் மலம் இறுகியதைக் கேட்டு ஒரு பெண்ணுக்கு மனசு நிறைந்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். எனக்கு நிறைந்தது.

"வயிறு முழுசாச் சரியான பிறகு உங்க வீட்டுல வந்து கேட்கலாம்னு இருக்கேன்" என்றார் ஒருநாள், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு.

"முழுசாச் சரியாக எவ்வளவு நாளாகும்?"

"அதான் பயமா இருக்கு."

"அப்ப முன்னாடியே வாங்க" என்றேன்.

விசாரித்ததில் இரண்டு வீட்டுக்கும் ஒத்துவந்தது. மாமா கோழிக்குழம்பை ஞாபகம் வைத்துக்கொண்டு கொஞ்சம் முறுக்கினார், பிறகு இறங்கிவந்தார். பூ வைக்க நாள் குறித்தார்கள். எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வரும்போது மாப்பிள்ளை வீட்டார் சாப்பிடமாட்டார்கள். பேசி முடித்துப் பூ வைக்கிற அன்றுதான் பெண் வீட்டில் உட்கார்ந்து இலையில் கை நனைப்பார்கள். கை நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். நனைக்காமல் எழுந்தால், வேண்டாம் என்று அர்த்தம். அவர் அந்த இலைக்காகத் தன்னைத் தயார் செய்ய ஆரம்பித்தார். வீட்டில் அம்மாவிடம் சொல்லி சாம்பார் ஒரு கரண்டி, பிறகு பாதி வடை, பிறகு ஒரு வாய்ப் பாயசம் என்று பழகினார். "உங்க வீட்டு இலைக்கு வயித்தப் பழக்கிட்டு இருக்கேன், மேடம்" என்பார். இதைவிட ஆசையான பேச்சை யாரும் என்னிடம் பேசியதில்லை, அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

பூ வைக்க ஒரு வாரம் இருந்தது. விதைப்புச் சமயம். மாமாவின் ஊருக்கு வெளியே இருக்கிற காலனிக்கு இவர் போயிருக்கிறார். அங்கே ஒரு அம்மா, துண்டு நிலத்தில் உளுந்து போடுகிறவர், இவர் சொன்னபடியே விதையைப் பிசறி நிழலில் காயவைத்திருந்தார். பார்த்துவிட்டுக் கிளம்பும்போது, சாப்பிட்டுப் போங்க சார் என்றிருக்கிறார் அந்த அம்மா. இவரும் வழக்கம்போல, இப்பத்தான் சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டார்.

அந்த அம்மா கோபப்படவில்லையாம். கையைப் பிடித்து இழுக்கவும் இல்லையாம். "சரிங்க, சார். எங்க தெருவுக்கு வாரவுக எல்லாருமே இப்பத்தான் சாப்பிட்டுட்டு வாராக" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே திரும்பியிருக்கிறார்.

இவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார். கம்மஞ்சோறும் கருவாட்டுக் குழம்பும். ஒரு வட்டில் நிறைய.

"ரெண்டு வாய் தின்னுட்டு எந்திரிச்சிருக்கலாம்ல?" என்று மறுநாள் பஸ்ஸில் திட்டினேன். அவர் முகம் அதற்குள் சுண்டிப்போயிருந்தது.

"வட்டில்ல மிச்சம் வச்சா அந்தம்மா என்ன நினைக்கும், மேடம்?" பிறகு கொஞ்சம் சிரித்தார். "கொழம்பு அருமை. உறைப்பத் தொட்டு எவ்வளவு நாளாச்சு தெரியுமா?"

அதற்கடுத்த நாட்களில் பஸ்ஸுக்கு அவர் வரவில்லை.

பூ வைக்க வந்தபோது கன்னம் ஒட்டிப்போய் வந்தார். அவர் அம்மா என் தலையில் பூ வைத்தார். இலை போட்டார்கள். நான் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இலையில் தண்ணீர் தெளித்தார். சோற்றைப் பிசைந்தார். ஒரு கவளம் உருட்டினார். நெற்றியில் வியர்வை துளிர்த்தது. உருட்டியதை மறுபடி இலையிலேயே வைத்துவிட்டு, "மன்னிக்கணும். வயிறு ரொம்பச் சரியில்ல. மோர் மட்டும் குடிக்கிறேன்" என்றார்.

அப்பா உடனே, "அதனால என்ன, மாப்ள? மோரு குடிச்சாலும் கை நனைச்ச மாதிரிதான்" என்றார். அப்பா நல்ல மனிதர்.

மாமா அவருக்கு எதிர் இலையில் உட்கார்ந்திருந்தார். "போன வாரம் காலனியில உட்கார்ந்து ஒரு வட்டில் சோறு தின்ன வயிறு, நம்ம வீட்டுக்கு வரவும் சரியில்லாமப் போச்சாக்கும்?"

என்னால் பொறுக்க முடியவில்லை. பூ வைத்த பெண் வெளியே வரக்கூடாது என்பதெல்லாம் மறந்து முன்னால் வந்து நின்றேன். "மாமா, அவருக்கு ரொம்ப நாளா வயிறு சரியில்ல. உங்க வீட்டுக் கோழிய வேண்டாம்னதும் அதனாலதான். திமிர்ல இல்ல."

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் மாமா. அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். "சீக்காளியாடி?" என்று காதில் கேட்டாள். நான் காப்பாற்றப் போய் இன்னும் இரண்டு முடிச்சு விழுந்ததுதான் மிச்சம்.

அப்பாதான் அப்போதும் வழி தேடினார். "அங்க தின்னதுதான் மாப்பிள்ளைக்கு ஆகாமப் போயிருக்கு. அப்படித்தான, மாப்ள?"

"அத அவரு வாயால சொல்லட்டும்" என்றார் மாமா. "அந்த வீட்டுச் சோறு ஆகல, தெரியாமத் தின்னுட்டேன், இனி அந்தப் பக்கம் கை நனைக்க மாட்டேன்னு சொல்லட்டும். நானே எந்திரிச்சு இவருக்கு மோர் ஊத்துறேன். கல்யாணத்தையும் முன்னால நின்னு நடத்துறேன்."

எல்லாரும் அவரையே பார்த்தார்கள். அவர் அம்மா, சொல்லிவிடு என்று கண்ணாலேயே கெஞ்சினார். சொல்லிவிடுங்கள் என்று நானும்தான் நினைத்தேன். அவர் வாயைத் திறந்தார். பிறகு மூடினார். மறுபடி திறந்தபோது, "அவுக சோத்துல ஒரு குத்தமும் இல்லங்க. குத்தம் என் வயித்துல. அவுக கூப்பிட்டா மறுபடியும் போயி உட்காருவேன்" என்றார்.

மாமா இலையை விட்டு எழுந்தார். அப்பாவும் வேறு வழியில்லாமல் எழுந்தார்.

இரண்டு நாள் கழித்து பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். எனக்குக் கோபம். அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது.

"ஒரு வார்த்தை. பொய்தான். சொல்லியிருந்தா என்ன குறைஞ்சு போகும்?"

"சொல்லத்தான் வாயத் திறந்தேன், மேடம். உங்க மாமா அந்த ஊர்க்காரரு. மறுநாளே, ‘உன் சோத்தத் தின்னு சாருக்கு வயிறு கெட்டுப்போச்சாம்’னு அந்தம்மாகிட்ட நாலு பேரு போயிச் சொல்லுவாக. அதுக்கப்புறம் அந்தம்மா யாரையாவது சாப்பிட வாங்கன்னு கூப்பிடுமா?"

"என்னை நினைச்சீகளா?"

"உங்களை நினைச்சுத்தான் அந்தக் கவளத்த உருட்டினேன். எறங்கல" என்றார்.

அப்பாவை மீறி வர என்னால் முடியாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதைப் பற்றி நாங்கள் பேசவேயில்லை. அந்த வருஷமே அவர் ராமநாதபுரம் பக்கம் மாற்றல் கேட்டு வாங்கிப் போய்விட்டார். எனக்குக் கல்யாணமானது. என் கணவருக்குக் கல்லைத் தின்றாலும் செரிக்கும். எந்த வீட்டுக்குப் போனாலும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, அந்த வீட்டாரைச் சந்தோஷப்படுத்திவிட்டுத்தான் எழுவார். அவர்மேல் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. இருந்தாலும் சில நாள் காலையில் அவருக்கு இட்லி எடுத்து வைக்கும்போது, ரெண்டு இட்லி, ஒண்ணும் செய்யல என்ற குரல் கேட்டுவிடும். கை அப்படியே நின்றுவிடும்.

போன மாதம் பட்டா விஷயமாக அந்தக் காலனி அம்மா எங்கள் ஆபீஸுக்கு வந்தார். எனக்கு அவரை முன்பின் தெரியாது. மனுவில் இருந்த ஊரையும் தெருவையும் பார்த்து, பேச்சுக் கொடுத்ததில்தான் தெரிந்தது. வயதாகிவிட்டது. மனுவை வாங்கிப் பதிந்து கொடுத்தேன். கிளம்பும்போது, "எங்க ஊருப்பக்கம் வந்தா வீட்டுக்கு வாங்க, மேடம். சாப்பிட்டுப் போகலாம்" என்றார். "முன்னாடி ஒரு ஆபீசரு எங்க வீட்டுல உட்கார்ந்து சாப்பிட்டிருக்காக. விதை ஆபீசு சாரு. ஒல்லியா இருப்பாக. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

"அதுக்கப்புறம் அவுக வரவே இல்ல. ஒண்ணு கேட்கணும்னு இத்தனை வருஷமா மனசுல கிடக்கு. அன்னிக்கு சாரு வாராகங்கிற சந்தோஷத்துல கொழம்புல உறைப்ப அள்ளிப் போட்டுட்டேன். அவுகளுக்கு அது ஒத்துக்கிடுச்சாம்மா?"

நான் தட்டச்சுக் காகிதங்களை அடுக்கி, ஓரம் தட்டி, மறுபடி அடுக்கினேன்.

"ஒத்துக்கிடுச்சும்மா. அவருக்கு ஒண்ணும் செய்யல" என்றேன்.

அந்த அம்மா முகம் முழுக்கச் சிரித்தார். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, வாரேன் மேடம் என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கிப் போனார். அந்த அம்மா கேட்டுவிட்டார், பதிலும் கிடைத்துவிட்டது. எனக்கும் அதே கேள்விதான். காலையில் அவருக்குப் பசிக்கிறதா, என்ன சாப்பிட்டார், ஒத்துக்கொண்டதா. எனக்குச் சொல்லத்தான் யாரும் இல்லை.